மகள் வீட்டில் ஒரு வேளை

மூன்று வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. ஊரில் இல்லை, அவ்வளவுதான்.

போன செவ்வாய்க்கிழமை செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினேன். பழக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார். வாரா வாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர். படித்துவிட்டு நன்றாக இல்லை என்று சொல்கிறவரும் அவர்தான். ஸ்வீடன் எப்படி இருந்தது என்று அவர் கேட்கவில்லை. விமானம் ஆடியதா என்று கேட்கவில்லை. "சாப்பாட்டுக்கு இன்னா பண்ண?" என்றார்.

மேல்சித்தாமூரில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தேன். அங்கேயும் அதே கேள்வி. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விலை கேட்க வந்தவர்கூட விலையை விட்டுவிட்டு அதைத்தான் கேட்டார். மனிதன் இருபது மணி நேரம் வானத்திலும் விமான நிலையத்திலும் கிடந்து போய் வந்திருக்கிறான்... இவர்களுக்கு வயிற்றைத் தவிர வேறு கவலை இல்லை.

யோசித்துப் பார்த்தால் அவர்கள் கேட்டது சரியான கேள்விதான். நான் போனதே அதற்குத்தான்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். நாங்கள் தமிழ் ஜைனர்கள். பல தலைமுறையாக இந்த மண்ணில் பயிர் வைத்து, வியாபாரம் பார்த்து வருகிறவர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. ஐந்தே முக்காலுக்குச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிடுவோம். அதற்குப் பிறகு யார் வீட்டு விருந்தானாலும் வேடிக்கை பார்ப்பதோடு சரி. கிழங்கு, வெங்காயம், பூண்டு என் வீட்டில் கிடையாது.

எனக்கு ஒரே மகள். நிர்மலா. நர்ஸ் படிப்பு படித்தாள். சென்னையில் வேலை பார்க்கும்போது ஸ்டீபனைப் பார்த்தாள். வேலூர்ப் பக்கத்துப் பையன். அவர்கள் வீட்டில் எல்லாம் சாப்பிடுவார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் கல்யாணம். நான் போனேன். நின்றேன். போட்டோவில்கூட இருக்கிறேன். பந்தி போட ஏழு மணி ஆகிவிட்டது. எனக்கென்று தனியாகச் சமைக்கச் சொல்லி, தனியாக ஓர் இலையும் போட வைத்திருந்தாள். கல்யாணப் புடவையோடு வந்து கூப்பிட்டாள். "பொழுது போயிடுச்சும்மா" என்றேன். ராஜமதியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். ராஜமதி என் மனைவி. வழியில் திண்டிவனம் வரை அவள் என்னோடு பேசவில்லை. திண்டிவனம் தாண்டியும் பேசவில்லை.

யாராலும் என்னைக் குறை சொல்ல முடியவில்லை. பழக்கம் அப்படி. அவ்வளவுதானே?

பிறகு அவர்கள் ஸ்வீடன் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். அம்மாவும் மகளும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். கடைசியில் போன் என் கைக்கு வரும். நல்லா இருக்கீங்களா நைனா என்பாள். இருக்கேன் என்பேன். சாப்ட்டீங்களா என்பாள். ஆச்சு என்பேன். ஆறு வருஷமாக இந்த நான்கு வரிதான்.

இந்த வருஷம் இரண்டு பேரும் வந்தே ஆக வேண்டும் என்றாள். ராஜமதிக்கு முழங்கால் மடங்காது. அவ்வளவு நேரம் உட்கார முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியானால் நானும் போகவில்லை என்றேன். ராஜமதி ஒத்துக்கொள்ளவில்லை.

"நீங்க போங்க. அவ வூட்ல ஒரு வேள உக்காந்து சாப்ட்டு வாங்க. வேற ஒண்ணும் பேச வேணாம். உங்களுக்குப் பேசவும் வராது."

இதுதான் எனக்குக் கொடுத்த வேலை. ஒரு வேளைச் சாப்பாடு. எவ்வளவு சுலபம்!

அறுபத்தொரு வயதில் முதல் விமானம். தனியாக. எட்டாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிப்பேன், பேச வராது. நிர்மலா ஒரு தாள் அனுப்பியிருந்தாள். எந்த கவுன்ட்டரில் என்ன கேட்பார்கள், என்ன காட்ட வேண்டும், எல்லாம் தமிழில் ஒரு பக்கம், இங்கிலீஷில் ஒரு பக்கம். கேட்டால் தாளை நீட்டுவேன். அவர்கள் படித்துவிட்டு விடுவார்கள். பேசத் தெரிந்தவர்கள் எனக்கு முன்னால் வரிசையில் வெகுநேரம் நின்றார்கள். நான் சீக்கிரம் வெளியே வந்தேன்.

நடுவில் ஒரு பாலைவன ஊரில் விமானம் மாற வேண்டும். அங்கே என் கைக்கடிகாரத்தில் ஐந்தரை. பையில் இருந்த அவலை நனைத்துச் சாப்பிட்டு முடித்தேன். இரண்டாவது விமானம் கிளம்பியது. ஜன்னல் பக்கம் சீட்டு. மேற்கே போகிறது போலிருக்கிறது... வெயில் கூடவே வருகிறது. கடிகாரம் ஏழு என்கிறது, ஏழரை என்கிறது. வெளியே நல்ல வெளிச்சம்.

சாப்பாடு வந்தது. ஜைனச் சாப்பாடு என்று சீட்டு ஒட்டி, மகள் சொல்லி வைத்தது. வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

பக்கத்து சீட்டில் ஓர் அம்மாள். யாழ்ப்பாணத்துக்காரர். பல வருஷமாக ஸ்வீடனில் இருக்கிறாராம். "என்ன ஐயா, விரதமோ?" என்றார். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டேன் என்றேன். ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இன்னும் பொழுதுபடேல்லையே. உங்கட முகத்திலதான் வெயில் அடிக்குது."

எங்கள் ஊரில் பட்டுவிட்டது என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. என் தட்டில் இருந்த பழத்தை மட்டும் எடுத்துக்கொள்ளட்டுமா என்றார். கொடுத்துவிட்டேன்.

கடிகாரத்தை ஏன் மாற்றவில்லை? இரண்டு காரணம். ஒன்று, அங்கே இந்த மாதத்தில் ராத்திரி பத்து மணி வரை வெயில் என்று நிர்மலா சொல்லியிருந்தாள். வெயில் இருக்கிற வரை சாப்பிடலாம் என்று ஆரம்பித்தால் பழக்கம் என்ன ஆவது? இன்னொன்று, ராஜமதி. முப்பத்துநாலு வருஷமாக இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை கழுவுகிறோம். அவள் அங்கே வாயைக் கட்டிக்கொண்டு இருக்கும்போது நான் இங்கே மென்றுகொண்டிருப்பதா?

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போய்ச் சேர்ந்தேன். விமான நிலையத்துக்கு இரண்டு பேரும் வந்திருந்தார்கள். நிர்மலா இளைத்திருந்தாள். காலில் விழப் போனாள், கூட்டத்தில் இடமில்லை. தோளைத் தட்டினேன். ஸ்டீபன் "வாங்க மாமா" என்று பையை வாங்கிக்கொண்டார். வீட்டுக்குப் போகும்போது அந்த ஊர் வெயிலும் இறங்கிவிட்டது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

நிர்மலாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. காலை ஆறு மணிக்குப் போனால் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வருவாள். ஸ்டீபனும் அப்படித்தான். சாயங்காலம் வந்து சமைக்கிறேன், மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடலாம், வெயில் நிறைய இருக்கும் நைனா என்று சொல்லிவிட்டுப் போனாள். சரி என்று தலையாட்டினேன். தலையை ஆட்டும்போது கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. அந்த ஊர் ஆறு மணி என்றால் நம்மூரில் ராத்திரி ஒன்பதரை!

நான் விடியற்காலையில் எழுந்துவிடுவேன். அவர்கள் தூக்கம் கெடக்கூடாது என்று சத்தம் போடாமல் கஞ்சி வைத்துக் குடிப்பேன். பதினொரு மணிக்கு இன்னொரு முறை பருப்பு போட்டுக் குழைய வைத்துக்கொள்வேன். இரண்டு மணிக்கு நம்மூர் ஐந்தரை. அவல், மல்லாட்டை. கை கழுவியாயிற்று. ராஜமதியும் அந்நேரத்துக்குப் போன் போடுவாள்.

"சாப்ட்டீங்களா?"

"ஆச்சு."

பொய் இல்லை. மகள் வீட்டு அரிசி, மகள் வீட்டு அடுப்பு. கொடுத்த வேலையை முடித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அடுப்படியில் ஒன்று கவனித்தேன். பாத்திரம் எல்லாம் புதுசு. வாணலியின் அடியில் ஸ்டிக்கர் ஒட்டிய பசை இன்னும் இருந்தது. ஃப்ரீசர் துடைத்துக் காலியாகக் கிடந்தது. நான் வருகிறேன் என்று வீட்டையே கழுவிவிட்டிருக்கிறார்கள். கவனித்தேன். அதையும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் சாதமும் பீர்க்கங்காய்க் கூட்டும் வைத்தாள். அங்கே பீர்க்கங்காய் வாங்க ஒரு மணி நேரம் ரயிலில் போக வேண்டும். எனக்கு வேணாம்மா என்றேன். பிரயாண அலுப்பு என்று நினைத்தாள் போல. செவ்வாய்க்கிழமை உப்புமா. வேணாம்மா. புதன்கிழமை சேமியா. பசிக்கல. எனக்கு வைத்ததை மறுநாள் காலையில் அவளே டப்பாவில் போட்டு வேலைக்கு எடுத்துப் போவாள். பழையது நான் தொட மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். டப்பா மூடுகிற சத்தம் மட்டும் நாளுக்கு நாள் கொஞ்சம் கூடியது.

புதன்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டீபன் என்னை நடக்கக் கூட்டிப் போனார். அமைதியான ஊர். பஸ் ஸ்டாப்பில் ஆளுக்கு நாலடி தள்ளி நிற்கிறார்கள். யாரும் யாரோடும் பேசுவதில்லை. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஊர் முழுக்க என்னைப் போல ஆட்கள்.

ஸ்டீபன் எதையோ சொல்ல வாயெடுத்து வாயெடுத்து நிறுத்தினார். ஏரியைக் காட்டினார். சர்ச்சைக் காட்டினார். கடைசியில் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு, "மாமா, நாங்க எதுனா தப்பு பண்ணிட்டமா?" என்றார். இல்லையே என்றேன். அவரும் சரி என்றுவிட்டார். நல்ல பையன். இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

வியாழக்கிழமை. ஐந்து மணிக்கு வந்தாள். உடுப்பு மாற்றவில்லை. நேராக அடுப்படிக்குப் போனாள். தோசை வார்க்கிற சத்தம் கேட்டது. அந்தக் குளிரில் மாவு புளிக்க வைக்க என்ன பாடுபட்டாளோ. தேங்காய்ச் சட்னி. மூன்று தட்டு வைத்தாள். என் தட்டில் ஒரு தோசையை வைத்தாள்.

எனக்கு வேணாம்மா என்றேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை. என் மகள்தானே, சத்தம் வராது.

"வெளிய பாருங்க நைனா. வெயில் அடிக்குது. இன்னும் நாலு மணி நேரம் அடிக்கும். அன்னிக்கி பொழுது போயிடுச்சின்னு சொன்னீங்க. இன்னிக்கி இன்னா சொல்லப் போறீங்க?"

நான் கையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டினேன். "நம்மூர்ல மணி ஒம்போதரம்மா."

ஸ்டீபன் எட்டிப் பார்த்தார். "ஆமா நிம்மி, இந்தியா டைம்தான் இருக்குது. மாமா மாத்தவே இல்ல போல..."

"நீ சும்மா இரு" என்றாள் அவரை. பிறகு என் பக்கம் திரும்பினாள். "இத நான் நம்பணுமா? நாலு நாளா கஞ்சி வச்சிக் குடிக்கிறீங்க. அங்க வேலைல, பேர் மறந்து போனவங்களுக்கெல்லாம் ஸ்பூன்ல ஊட்டுறேன் நைனா. எல்லாரும் வாயத் தொறக்குறாங்க."

எழுந்து பால்கனிக்குப் போனேன்.

கீழே ஒரு பெரியவர் நாயைக் கூட்டிக்கொண்டு போனார். வெயில் கண்ணில் குத்தியது. எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், நம்ப மாட்டேன் என்கிறாளே? கடிகாரம் கையில் இருக்கிறது. ஸ்டீபனே பார்த்தார். இதில் நம்ப என்ன இருக்கிறது?

நாய்க்காரர் தெரு முனை வரை போய்த் திரும்பி வந்தார். அதுவரைக்கும் நின்றிருந்தேன். அதற்குள் கோபம் வடிந்துவிட்டது. கோபம் வடிந்தால் அடியில் கிடப்பது தெரியும்.

கல்யாணத்தன்று ஏழு மணி. சரி. அந்த இலையை ஐந்து மணிக்குப் போட்டிருந்தால்? நல்ல வெயிலில், நாலு மணிக்குப் போட்டிருந்தால்?

இதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. நானும் கேட்டுக்கொண்டதில்லை. ஏழு மணி ஆனது எனக்கு வசதியாகப் போயிற்று. ஆறு வருஷமாக அந்த ஏழு மணிக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு முறை மறைந்துகொள்ள ஒரு பழக்கத்தை இழுத்துவிட்டால், மறுமுறை அது நிஜமாகவே வந்து நின்றாலும் யாரும் நம்புவதில்லை. நம்பாதவர் மேல் குற்றமில்லை.

உள்ளே வந்தேன். இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சாப்பிடவில்லை. என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கி பகல்ல எல போட்டிருந்தாலும் நான் சாப்ட்ருக்க மாட்டேன்" என்றேன்.

ஸ்டீபன் தட்டைப் பார்த்தார். நான் என் வாழ்நாளில் பேசிய நீளமான பேச்சு இதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் வரவில்லை.

"தெரியும் நைனா" என்றாள் நிர்மலா.

என் கையைப் பிடித்து இழுத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது ஐம்பது. ஆறு வயதில் மணி பார்க்கக் கற்றுக்கொண்டபோது பார்த்த மாதிரி, முள்ளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப இது நெசந்தான்" என்றாள். "நாலு நாளா இன்னாத்துக்கு நைனா இப்டி? சூரியன் இங்க இருக்குது. கெடியாரத்துலயா இருக்குது?"

"உங்க அம்மா அங்க சாப்டாம இருப்பா."

"அம்மா நல்லா சாப்ட்டுத் தூங்கிட்டிருப்பாங்க."

ஸ்டீபனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. நிர்மலாவுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணீரும் வந்தது, துடைத்துக்கொண்டாள். நான் தட்டில் இருந்த தோசையைப் பார்த்தேன். ஆறிப்போயிருந்தது.

"சூடா போடு" என்றேன்.

அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். நான் சாப்பிட்டேன். ஜன்னல் வழியாக வெயில் தட்டின் மேலேயே விழுந்தது. முதல் இரண்டு தோசையைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துச் சாப்பிட்டேன். மூன்றாவதிலிருந்து பழைய வேகம் வந்துவிட்டது. ஸ்டீபனும் சாப்பிட்டார். அவள் நின்றுகொண்டே வார்த்துப் போட்டாள். உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. நீ உக்காந்தாதான் அடுத்த தோச என்றேன். உட்கார்ந்தாள். ஸ்டீபன் எழுந்து வார்த்தார். அவர் வார்த்தது தோசையின் வடிவத்தில் இல்லை. அதையும் சாப்பிட்டேன்.

கடிகாரத்தை மாற்றித் தரட்டுமா என்று பிறகு ஸ்டீபன் கேட்டார். வேண்டாம் என்றேன். கடிகாரம் ராஜமதி ஊரில் இருக்கட்டும். வயிறு மகள் ஊரில் இருந்தால் போதும். மீதி இருந்த நாளெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு மூன்று பேரும் சேர்ந்துதான் உட்கார்ந்தோம். அதிகம் பேசவில்லை. பேச்சு தேவைப்படவும் இல்லை.

இதைப் படித்துவிட்டு எங்கள் ஆட்களில் ஒருவர் இரண்டு பேர், நம்மூர் ராத்திரியில் சாப்பிட்டிருக்கிறான் என்று சொல்லலாம். சொல்லட்டும். வெயிலில் சாப்பிட்டேன் என்று சொல்வேன். இந்த முறை அது உண்மை.

தோசை சாப்பிட்ட மறுநாள் மத்தியானம் ராஜமதி போன் செய்தாள். மகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் போல. எத்தனை தோசை என்று மட்டும் கேட்டாள். ஏழு என்றேன். அங்கே எத்தனை மணி வரைக்கும் வெயில் என்றாள். பத்து என்றேன்.

"அப்டின்னா கம்மிதான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.